விசிறி ஓடாத அறை

பனகுடிப் பக்கம் காற்றாலையில் ஏணி ஏறும் வேலை அவருக்கு.
ஓர் ஆனி மாதக் காற்றில்
கூட ஏறிய சேர்மதுரை
ஏணி வழியாக இறங்கவில்லை.
அதன்பின் பதினான்கு மாதம்
வெயிலுகந்தான் படுத்ததில்லை.
சுவரில் சாய்வார், அவ்வளவுதான்.

முதல் தடவை எல்லாம் சரியாகத்தான் செய்தோம்
என்கிறது பாளையங்கோட்டை மாடியறைப் பதிவேடு.
ரத்த அழுத்தம் பார்த்தோம்.
குடும்பத்தில் யாருக்காவது சித்தம் கலங்கியதுண்டா என்று கேட்டோம்.
வெறும் வயிறு. கூட்டிப்போக ஆள்.
டாக்டர் சண்முகவடிவு
கெட்டமின் அளவை இரண்டு முறை வாசித்தார்,
நான் இரண்டு முறை திருப்பிச் சொன்னேன்.

மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று இறக்கை.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

பத்தாவது நிமிடம் அவர் கத்தியது
கீழே மருந்துக்கடை வரை கேட்டதாம்.
நான் கையைப் பிடித்தேன்.
பதினெட்டு வருட நர்சு, வேறென்ன செய்வேன்?
பிடித்திருக்கக் கூடாது.
நழுவிய கை எப்படி இருக்கும் என்று
அந்த அறையில் அவருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த வாரம் மருந்தில்லை, பேச்சு மட்டும்.
மூன்று சாயங்காலம்.
முதல் நாள் கூலி பாக்கியைப் பற்றிப் பேசினார்.
இரண்டாம் நாள் ஒன்றும் பேசவில்லை.
மூன்றாம் நாள், நிமிராமலே,
"சிஸ்டர், அது நின்னா நல்லாருக்கும்."
எது என்று கேட்க வாய் திறந்தேன்.
தலைக்கு மேல் காற்று.

அப்புறம் கேட்கக் கேட்க வந்தது.
டாக்டர் வைத்திருந்த புல்லாங்குழல் இசை வேண்டாம்,
அதுக்குள்ளயும் காத்துதான இருக்கு.
கட்டில் வேண்டாம்.
கை வேண்டாம், தொடணும்னா தோள்ல.
பயந்தா என்ன சொல்லணும்?
நெடுநேரம் யோசித்தார்.
"தரை இருக்குன்னு சொல்லுங்க."

பேராச்சி முக்கூடலில் பீடி சுற்றுகிறவள்.
இலை வெட்டும் கத்தரிச் சத்தத்தை
நாற்பது நிமிடம் போனில் பிடித்துக்கொண்டு வந்தாள்.
நடுவே அவள் ஒருதரம் இருமுகிறாள்.
அதை அழிக்க வேண்டாமென்றார்.

இரண்டாம் தடவை
மெத்தையைத் தரையில் இறக்கினோம்.
மூட்டுவலி டாக்டரும் சம்மணமிட்டார்.
சித்திரை வெயில், விசிறி இல்லை,
என் முதுகில் வேர்வை வழிவதை
எண்ணிக்கொண்டே சொட்டுகளையும் எண்ணினேன்.
அழுத்தம் எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்துவது என்று
முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது.
தாண்டவில்லை. கிட்டே வந்துபோனது.

கச், கச், கச்.
இருமல்.
கச்.

பாதங்கள் எதையோ தேடத் தொடங்கின.
"ஏல... ஏல மதுர..."
தோளில் கை வைத்தேன்.
தரை இருக்கு.
தரை இருக்கு.
குதிகால் சிமெண்டைத் தொட்டது,
தொட்டு, அங்கேயே நின்றது.
அழுதார். அழ விட்டோம்.
யாரும் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டேன்.
அன்று ராத்திரி இரண்டு மணிநேரம் படுத்தாராம்,
மல்லாந்து.
பைக் சாவி மறுநாள் வரை பேராச்சியின் சுருக்குப்பையில்.

படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்:
விசிறியை நிறுத்தவும்.

அடுத்த வியாழன் வந்தது
அம்பாசமுத்திரத்து டீச்சர் ஒருவர்.
பெருமையாகச் சுவிட்சை அணைத்தேன்.
"ஐயோ, நிறுத்தாதீங்க," என்றார்,
"சத்தமே இல்லேன்னா எனக்கு ஆகாது."
அடித்துவிட்டு எழுதினேன்: கேட்கவும்.
பிறகு கேட்டேன்,
"அஞ்சுல வைக்கவா?"
"மூணு போதும்."